பாங்காக்கில் சூரியன் எந்தப் பக்கம்

பாங்காக்,
12 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள ஹெப்ரான் அவர்களுக்கு,

நேற்று மதியம் சுகமாக வந்து சேர்ந்தேன். கம்பெனி எடுத்துக் கொடுத்திருக்கும் அறை பதினோராம் மாடியில். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தில் ஒருவர் சட்டைகளை நிறவாரியாகக் காயப்போடுவது தெரிகிறது. நாளை பயிற்சி தொடங்குகிறது. ஏற்றுமதிக்குப் போகும் இறாலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் புது இயந்திரம் ஒன்றை எங்கள் தூத்துக்குடி ஆய்வகத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று வாரத்தில் திரும்ப வேண்டும். மாலை நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள். அதற்குமேல் உள்ள நேரமெல்லாம் என் கேமராவுக்கு.

டிசம்பர் 28 அன்று நீங்கள் வீட்டாரோடு வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அம்மா தினமும் 'என்ன பதில்' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாங்காக் போய்விட்டு வந்து பிப்ரவரி முதல் வாரத்தில் சொல்கிறேன் என்றேன். அதுவரை போனில் பேசிக்கொள்ளலாமே என்று உங்கள் சித்தி சொன்னார்கள். எனக்குப் போன் வேண்டாம். எதிராளி கேட்டு முடிப்பதற்குள் 'சரி' சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு. எழுதினால்தான் யோசிப்பேன். அதனால் மின்னஞ்சலில் முழுக் கடிதமாக எழுதுவோம். பூப்படம் போட்ட காலை வணக்கம் எல்லாம் வேண்டாம்.

அன்று உங்களிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் சித்தி தன் போனில் ஒரு படம் காட்டினார்கள். ஆற்றின் அக்கரையில் பெரிய கோபுரம், அதன் பின்னால் ஆரஞ்சு வானம். 'நம்ம ஹெப்ரான் பாங்காக் போயிருந்தப்போ எடுத்தது' என்றார்கள். 'நீங்க எடுத்ததா?' என்று கேட்டேன். 'ஆமா' என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை தட்டிலிருந்த முறுக்கை எண்ணிக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகுதான் உங்களை நிமிர்ந்து பார்த்தேன்.

ஆகவே, வழி சொல்லுங்கள். இந்த ஊரில் நல்ல படம் கிடைக்கும் இடங்கள் எவை? எந்த நேரத்துக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும்?

இப்படிக்கு,
ரீபா


ஸ்ரீவைகுண்டம்,
13 ஜனவரி 2025

அன்புள்ள ரீபா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுகமாகச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. கடிதம் எழுதுவது எனக்கும் வசதிதான். எங்கள் வீட்டில் எனக்குப் போன் வந்தால் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

இடங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் ஆறு. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் ஊரின் பாதியைப் பார்த்துவிடலாம். பின்பக்கம் நின்றுகொள்ளுங்கள், முன்பக்கம் கூட்டம். பாக் க்ளோங் தலாத் என்ற பூச்சந்தைக்கு அதிகாலையில் போக வேண்டும். தலாத் நோய் என்று ஒரு பழைய பகுதி இருக்கிறது. குறுகலான சந்துகள், சுவர்ச் சித்திரங்கள், துருப்பிடித்த ஒரு பழைய கார். அதை எல்லோரும் எடுப்பார்கள். பழைய ஊர்ப் பகுதியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கூரைகள் எல்லாம் தெரியும்; அதன் வரைபடக் குறிப்பைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

அன்று சித்தி காட்டிய படம் வாட் அருண் கோயில். அருணன் என்றால் விடியல் அல்லவா. காலை ஆறு மணிக்கே எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள். நடுக் கோபுரத்துக்கு நேர் பின்னால் சூரியன் உதிக்கும். அந்தப் படித்துறை பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் நல்ல தேநீர் கிடைக்கும். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இங்கே நாளைக்குப் பொங்கல். அணைக்கட்டில் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
ஹெப்ரான்


பாங்காக்,
16 ஜனவரி 2025

அன்புள்ள ஹெப்ரான் அவர்களுக்கு,

தலாத் நோய் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து, அது என்ன நோயோ என்று பயந்துகொண்டே போனேன். இங்கே 'நோய்' என்றால் சிறியது என்று அர்த்தமாம். சிறிய சந்தை. என்னோடு பயிற்சியில் இருக்கும் தாய்லாந்துப் பெண்ணிடம் நம் ஊரில் நோய் என்றால் என்ன என்று சொன்னேன். மத்தியானச் சாப்பாடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துருப்பிடித்த காரை எடுக்கவில்லை. அதன் முன்னால் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். காரின்மேல் ஒரு பூனை படுத்துக்கொண்டு அந்த வரிசையை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையை எடுத்தேன். என் படங்களில் இதுவரை அதுதான் உருப்படி.

பூச்சந்தைக்கு நேற்று காலை ஐந்தரைக்குப் போனேன். நம் ஊர்க் கேந்திப்பூதான், மலை மலையாக. ஒரு அம்மாள் வாழையிலையைக் கிழித்து, மடித்து, குத்தி, நான் கேமராவைச் சரிசெய்வதற்குள் மூன்று கிண்ணம் செய்து முடித்துவிட்டார். படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். எழுந்துபோய் முகம் கழுவி, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு வேண்டியிருந்தது பழைய முகம். ஆனால் அவர் பூசிக்கொண்டு வந்தபின் எப்படி எடுக்காமல் இருப்பது?

ஆரஞ்சுக் கொடிப் படகில் பின்பக்கம் நின்றேன். நீங்கள் சொன்னது சரி.

சனிக்கிழமை விடியலுக்கு வாட் அருண். நீங்கள் தேநீர் குடித்த கடை படித்துறைக்கு எந்தப் பக்கம்? அங்கேயே குடிக்கலாம் என்று இருக்கிறேன்.

ரீபா


ஸ்ரீவைகுண்டம்,
17 ஜனவரி 2025

அன்புள்ள ரீபா அவர்களுக்கு,

பூனையின் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தவறாக நினைக்க வேண்டாம், அந்தப் பத்தி மட்டும்தான்.

தேநீர்க் கடை இப்போது இருக்குமோ இருக்காதோ தெரியவில்லை. அங்கே கடைகள் அடிக்கடி மாறும். தேட வேண்டாம்.

நான் இங்கே நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று அன்று உங்கள் அப்பா கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அணைக்கட்டில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பேன். வடகால், தென்கால் என்ற இரண்டு வாய்க்கால்களுக்கும் எவ்வளவு விட வேண்டுமோ விடுவேன். கடைமடை வாழைக்காரர்கள் வந்து சத்தம் போட்டால் கேட்டுக்கொள்வேன். பொங்கலன்று மாடக்கண்ணு என்ற விவசாயி வந்தார். சத்தம் போடத்தான் வந்தார், ஆனால் கையில் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். 'சார், இதைப் பிடிங்க. இனி ஏசுதேன்' என்று சொல்லிவிட்டு ஏசினார்.

சனிக்கிழமை அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகத்தான் வேண்டுமா? குளிராக இருக்கும். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போது எழுதலாமா என்றும் தோன்றுகிறது. சரி, நேரிலேயே.

ஹெப்ரான்


பாங்காக்,
19 ஜனவரி 2025, ஞாயிறு

ஹெப்ரான் அவர்களுக்கு,

நேற்று காலை ஐந்தே முக்காலுக்கு வாட் அருணுக்கு எதிர்க்கரையில் நின்றேன். கேமராவின் முக்காலியைப் போட்டு, நடுக் கோபுரத்தைச் சட்டத்துக்குள் வைத்துக் காத்திருந்தேன். ஆறரை ஆயிற்று. வானம் வெளுத்தது. கோபுரத்தின் பின்னால் ஒன்றும் வரவில்லை. மேகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏழு மணிக்குக் கழுத்தின் பின்பக்கம் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால், ஒரு கடைக் கூரைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் மீன்களுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் முக்காலியையும் என்னையும் பார்த்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தில் ஆறைத் தொட்டுக் காட்டி, கோபுரத்தைக் காட்டி, கையைக் கீழே இறக்கினார். மாலை ஆறு மணிக்கு வா, அங்கேதான் அஸ்தமனம் என்று பொருள். போனேன். கோபுரத்துக்குச் சற்று இடப்புறமாகச் சூரியன் இறங்கியது. உங்கள் சித்தி காட்டிய அதே ஆரஞ்சு வானம். அது விடியல் இல்லை.

கோயிலின் பெயரில் விடியல் இருக்கிறது என்பதற்காக அதன் பின்னால் சூரியன் உதிக்கும் என்று எழுதுவதற்கு, அந்த இடத்தில் நிற்காத ஒருவரால்தான் முடியும். நின்றவருக்கு மறக்காது. எனக்கு இனி சாகும்வரை மறக்காது.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஒரு இடம் நிச்சயமாகி நின்றுபோனது. சென்னையில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் என்றார்கள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அந்தக் கல்லூரியில் அப்படி ஒருவர் இல்லை என்று தெரிந்தது. வேலை இல்லை என்பது எனக்குப் பெரிதில்லை. 'இன்னிக்குக் கிளாஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா' என்று ஐந்து மாதம் போனில் அவர் சொன்ன கதைகளுக்கெல்லாம் நான் சிரித்திருந்தேன். அதுதான் ஆறவில்லை. எனக்கு ஏன் போன் வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே கேள்வி. நீங்கள் பாங்காக் வந்திருக்கிறீர்களா? பதில் ஒரு வரி போதும்.

ரீபா


ஸ்ரீவைகுண்டம்,
20 ஜனவரி 2025

ரீபா அவர்களுக்கு,

வந்ததில்லை.

ஒரு வரி போதும் என்றீர்கள். அந்த வரி மேலே இருக்கிறது. இதற்குமேல் படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. நான் போன தூரம் சென்னை, அதுவும் துறைத் தேர்வுக்கு. அந்தப் படம் எடுத்தது என் சித்தி மகன் எபி. கப்பலில் சமையல் வேலையில் இருக்கிறான். அவன் அனுப்பிய படத்தைச் சித்தி என் பெயரில் சொன்னது எனக்கு அன்று உங்கள் வீட்டு நாற்காலியில்தான் தெரியும். அதற்கு முன்பு எனக்கு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில், 'மாப்பிள்ளைக்கு அணைக்கட்டைத் தாண்டி ஒன்னும் தெரியாதாமே' என்று சொல்லியனுப்பினார்கள். சித்தி அதை மனதில் வைத்துக்கொண்டு என்னை விமானம் ஏற்றிவிட்டாள்.

ஆனால் சித்தியின்மேல் பழியைப் போட முடியாது. கேட்டது நீங்கள், 'ஆமா' என்றது நான். 'இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை விட மனம் வரவில்லை.

அதன்பின் உங்கள் கடிதம் வந்தது. இரண்டு மணி நேரம் பாங்காக் பற்றிய வீடியோக்கள் பார்த்துப் பட்டியல் தயாரித்தேன். தேநீர்க் கடையை நானே கட்டினேன். அதை எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பேராசிரியர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்பதையே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அது என் வேலை. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

ஹெப்ரான்


பாங்காக்,
23 ஜனவரி 2025

ஹெப்ரான் அவர்களுக்கு,

இரண்டு நாள் உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். மூன்றாம் நாள் எழுதுகிறேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பட்டியலில் இன்னொரு குற்றம் கண்டுபிடித்திருக்கிறேன், அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த மொட்டை மாடி. கோபத்தில் இருந்தாலும் படம் படம்தானே என்று நேற்று மாலை தேடிப் போனேன். நாற்பது நிமிடம் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால், மாடிப்படியை இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கதவில் துரு. பூட்டிப் பல வருடம் ஆகியிருக்கும். கீழே செருப்புக் கடைக்காரர், 'யூட்யூப்?' என்று கேட்டார். தலையாட்டினேன். தினமும் நாலு பேர் வருகிறார்கள் போல. உட்கார ஒரு ஸ்டூல் தயாராக வைத்திருந்தார்.

உங்களைத் திட்டிக்கொண்டே ஆற்றுப் பக்கம் நடந்தேன். பூச்சந்தையை ஒட்டி அக்கரைக்கு ஒரு சின்னப் படகு போயிற்று. எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறினேன். இறங்கிய இடத்தில் இருந்தது புத்தர் கோயில் இல்லை, ஒரு மாதா கோயில். அதன் பின்னால் ஒரு ஆள் அகலத்துக்குச் சந்துகள். அந்தக் காலத்துப் போர்த்துக்கீசியர்கள் வந்து தங்கிய பகுதியாம். ஒரு வீட்டின் சன்னலிலிருந்து முட்டையும் சர்க்கரையும் வேகும் வாசனை. உள்ளே ஒருவர் அச்சுகளில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். மேலேயும் கீழேயும் கனல் வைத்து வேகவைக்கிற கேக். மேலே காய்ந்த திராட்சை. எனக்குத் தூத்துக்குடி மக்ரூன் கடை ஞாபகம் வந்துவிட்டது. சன்னலில் என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

மேற்குச் சன்னலிலிருந்து ஒரே ஒரு கீற்று வெளிச்சம். அவர் மூடியைத் தூக்கியதும் ஆவி அந்தக் கீற்றுக்குள் போய்ப் பொன்னாக நின்றது. நான்கு நொடி இருக்கும். எடுத்துவிட்டேன். ஹெப்ரான், நான் கேமரா வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இப்படி ஒரு படம் எனக்குக் கிடைத்ததில்லை. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று கேட்க வேண்டாம்.

அறைக்கு வந்து யோசித்தேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம் அது. நானே போய் நின்ற இடம். நீங்கள் எனக்கு எழுதியதில் எது நன்றாக இருந்தது என்று திரும்பிப் பார்த்தேன். வாழைத்தாரைக் கொடுத்துவிட்டு ஏசினவர்தான். அதை நீங்கள் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் உண்மையாகவே நின்ற இடங்கள் மூன்று எழுதுங்கள். நம் ஆற்றங்கரையில் இருந்தால் போதும். எந்த நேரம், எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும். பிப்ரவரி முதல் தேதி ஊருக்கு வருகிறேன். தனியாகப் போய்ப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டுக்குப் போனீர்களா? அம்மா போனில் ஏதோ சொன்னாள், சிரிப்பில் ஒன்றும் விளங்கவில்லை.

ரீபா


ஸ்ரீவைகுண்டம்,
25 ஜனவரி 2025

அன்புள்ள ரீபா அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை மாலை பாளையங்கோட்டைக்குப் போனேன். உங்கள் அப்பா செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். 'வாங்க தம்பி' என்றார். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன்.

'சார், நான் பாங்காக் போனது இல்ல. அன்னிக்கு ஆமான்னு சொன்னது பொய்.'

அவர் குழாயை மூடவில்லை. பூத்தொட்டி நிறைந்து தண்ணீர் அவர் செருப்புக்கு வந்தது.

'மதுரை போயிருக்கியளா?' என்று கேட்டார்.

'போயிருக்கேன் சார்.'

'அது நெசந்தானா?'

'நெசம் சார்.'

'வேலை?'

'அதுவும் நெசம்.'

'வயசு முப்பத்தி நாலுன்னு சொன்னாவ.'

'அதுவும் நெசந்தான் சார். பாங்காக் ஒன்னுதான்.'

'ரீபாட்ட சொல்லியாச்சா?'

'அவியதான் சார் கண்டுபிடிச்சாவ.'

அப்போதுதான் சிரித்தார். 'எட்டாங் கிளாஸ்ல வாத்தியாரா நான் போட்ட மார்க்கையே திருப்பிக் கூட்டிப் பாத்தவ அவ. இதுல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் தம்பி. அவ பாடு, உங்க பாடு. காபி குடிச்சிட்டுப் போங்க' என்றார்.

உங்கள் அம்மா காபியோடு வந்தார்கள். இது ஒன்றும் அவர்கள் காதில் விழவில்லை. 'பாங்காக்ல இப்போ ரொம்பக் குளிரா தம்பி? நீங்கதான் போயிருக்கியளே' என்றார்கள். உங்கள் அப்பா, 'அவரு போகலையாம் தேவமணி' என்றார். 'போகாம எப்படிப் படம் எடுத்தாரு?' என்றார்கள். அதை விளக்கி முடிக்க இரண்டு டம்ளர் காபி ஆயிற்று. கடைசியில் அவர்கள் கேட்டது, 'அந்தச் சித்திக்குப் பொண்ணு இருக்கா? இருந்தா அவளைக் கேட்டு வாரவிய ரொம்ப விசாரிக்கணும்' என்பதுதான்.

இனி மூன்று இடங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் படம் எடுத்ததே இல்லை. இந்த இடங்களில் என்ன தெரியும் என்றுதான் எனக்குத் தெரியும்.

முதலாவது எங்கள் அணைக்கட்டு. ஸ்ரீவைகுண்டம் ஊர்ப் பக்கம் நிற்க வேண்டாம். பாலத்தைக் கடந்து புதுக்குடிக் கரைக்கு வந்து, அணைக்கு மேற்கே நூறடி தள்ளி நின்று கிழக்கே பாருங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் ஆறே முக்காலுக்குச் சூரியன் வெளியே வரும், கொஞ்சம் வலப்புறமாக. அந்த நேரத்தில் அணைக்கு மேலே தண்ணீர் அசையாமல் நிற்கும். கொக்குகள் வரிசையாகச் சுவரில் நிற்கும். ஏழேகால் ஆனால் பள்ளிக்கூட வண்டிகள் பாலத்தில் ஒலியெழுப்பும், கொக்கு போய்விடும்.

இரண்டாவது குறுக்குத்துறை. ஆற்றுக்குள் நிற்கிற முருகன் கோயில். மாலை ஐந்தரை. கடைசிப் படிக்கு இறங்கிவிடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கல் சுவரில் படும். வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று அந்தச் சுவரில் கறை இருக்கும். மற்ற நேரத்தில் அது தெரியாது.

மூன்றாவதுக்கு இடமும் நேரமும் சொல்ல முடியாது. முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விடும்போது, காய்ந்து கிடந்த கடைமடை வாய்க்காலுக்குள் தண்ணீரின் முனை வரும். ஒரு ஆள் நடக்கிற வேகம்தான். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். மண்ணுக்குள் இருக்கிற பூச்சியெல்லாம் தப்பித்து ஓடும். அதைத் தின்பதற்குக் கொக்குகள் தண்ணீருக்கு முன்னால், ஏதோ ஊர்வலத்துக்கு வழி காட்டுவதுபோல நடந்து வரும். பன்னிரண்டு வருட வேலையில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் வண்டியை நிறுத்திவிடுவேன். என்றைக்கு, எந்த வாய்க்கால் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

அந்தக் கேக் வீட்டுப் படத்தை எனக்கு அனுப்புவீர்களா? கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

ஹெப்ரான்


பாளையங்கோட்டை,
3 பிப்ரவரி 2025, திங்கள்

அன்புள்ள ஹெப்ரான்,

சனிக்கிழமை வந்துவிட்டேன். நேற்று ஆராதனை முடிந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலை ஸ்கூட்டரில் குறுக்குத்துறைக்குப் போனேன். வெளிச்சம் நீங்கள் சொன்ன பக்கத்திலிருந்துதான் வந்தது. வெள்ளக் கறை சுவரில் தெளிவாக, ரசாயனக் குடுவையில் கோடு போட்டதுபோலத் தெரிந்தது. நீங்கள் சொல்லாமல் விட்டது அங்கே துணி துவைக்கிற கூட்டத்தை. கோமு என்று ஒரு அக்கா, 'என்னையும் எடு தாயி, ஆனா சோப்பு நொரை தெரியக் கூடாது' என்றார். நுரையோடுதான் எடுத்தேன். காட்டினேன். ஏசிவிட்டு, தன் மகளுக்கு அனுப்பச் சொன்னார்.

இன்று காலை புதுக்குடிக் கரை. ஆறு மணிக்கே வந்துவிட்டேன். அணைக்கு மேற்கே நூறடி. நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு மதகின் வாயில் நின்று, தண்ணீரில் மிதந்து வந்து அடைத்துக்கொள்ளும் அமலைச் செடியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கரையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நின்றார். தண்ணீர் அசையாத நேரம் என்று நீங்கள் எழுதியது சரி. பேச்சு அப்படியே என் காதுக்கு வந்தது.

'சார், தண்ணி இன்னிக்கு வந்திரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊர்ல போய் அப்படியே சொல்லிக்கிடுதேன்' என்றார் அவர்.

'இன்னிக்கு வராது அண்ணாச்சி. புதன்கிழமைதான் வரும்.'

'வராட்டாலும் பரவால்ல சார். சொல்லத்தானே கேக்கேன். அங்கன அம்புட்டுப் பேரும் என்னைப் பிச்சுத் திங்கான்.'

'நான் சொல்லிருவேன். அவிய சந்தோஷமா வாய்க்கால் கரைல வந்து உக்காந்திருப்பாவ. தண்ணி வராது. அந்த மாதிரி உக்கார வச்சா என்ன ஆகும்னு எனக்கு இப்பதான் அண்ணாச்சி தெரியும். புதன்கிழமை. அதுக்கு முன்னால ஒரு சொட்டு வராது.'

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நீங்கள் மறுபடி குனிந்து செடியை இழுத்தீர்கள். ஆறு ஐம்பதுக்குச் சூரியன் வெளியே வந்தது. ஐந்து நிமிடம் தப்பு, அதை மன்னிக்கிறேன். கொக்குகள் வரிசையாக இருந்தன. நான் கொக்கை எடுக்கவில்லை. செடியை இழுக்கிற ஒருவரை எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு படம். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாத ஒரு முகம் எனக்குக் கிடைப்பது அபூர்வம். கேமராவைக் கண்டால் எல்லோரும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பதில் சொல்லிவிட்டேன். குருவானவரைப் பார்த்து எந்த ஞாயிறு ஆராதனையில் நம் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று கேட்க அப்பா சாயங்காலம் போகிறார். அம்மா உங்கள் சித்தியிடம் தானே பேசிக்கொள்கிறாளாம். அவளைத் தடுக்க என்னால் முடியாது.

மூன்றாவது இடம் பாக்கி. புதன்கிழமை கடைமடைக்குத் தண்ணீர் வருகிறது என்று என் காதால் கேட்டேன். எந்த வாய்க்கால், எத்தனை மணி என்று சொல்லுங்கள். இனி போனிலும் சொல்லலாம்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று நீங்கள் கேட்ட கேக் வீடு. இன்னொன்று நீங்கள்.

ரீபா


ஸ்ரீவைகுண்டம்,
4 பிப்ரவரி 2025

அன்புள்ள ரீபா,

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். முழுவதும். அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். பிறகு எனக்கு ஜெபம் பண்ணினாள். அதன்பின் 'இந்தப் பொண்ணுகிட்ட நீ ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்' என்றாள்.

போனில் பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தரம் எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

கேக் வீட்டுப் படத்தை நேற்றிலிருந்து எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஆவி நிற்கிற விதத்தை நடு இரவில் எழுந்து உட்கார்ந்தும் பார்த்தேன். எதற்கு என்று நீங்களும் கேட்க வேண்டாம்.

சங்கதி மற்ற படத்தில்தான். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாத முகம் என்று எழுதியிருந்தீர்கள். அது அப்படி இல்லை. நான் உங்களைப் பார்த்துவிட்டேன்.

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டு போனார் அல்லவா, அவர்தான் மாடக்கண்ணு. பத்தடி போனவர் நின்று, 'சார், அக்கரை வேலமரத்துக்கிட்ட ஒரு புள்ள போட்டோ பிடிக்கிய மாதிரி நிக்கி' என்று பைய சொன்னார். அவருக்கு இக்கரை எது, அக்கரை எது என்று ஒருநாளும் சரியாக வராது. ஓரக்கண்ணால் பார்த்தேன். நீங்கள்தான். அவரிடம் நான் சொன்னதெல்லாம் உங்களைப் பார்ப்பதற்கு முன்பு. அதில் ஒரு சொல்கூட உங்களுக்காக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு குனிந்து செடி இழுத்தேனே, அது முழுக்க உங்களுக்காக. மதகில் அடைத்திருந்த செடி அதற்கு முன்பே எடுத்தாயிற்று. எடுத்துப் போட்டதைத் தண்ணீருக்குள் மெல்லத் தள்ளிவிட்டு, மறுபடி இழுத்தேன். மூன்று தரம்.

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. படமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டுச் சுவரிலோ நம் வீட்டுச் சுவரிலோ அதை மாட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையை நீங்கள் சொல்ல, பக்கத்தில் நின்று நான் தலையாட்ட வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது. இதற்காகப் பதிலை மாற்றிக்கொள்வதானால் உங்கள் அப்பா குருவானவரை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஓலை வாசிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

மாற்றிக்கொள்ளாவிட்டால், புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, தென்கால் கடைமடையில், மாடக்கண்ணு அண்ணாச்சியின் வாழைத் தோப்பை ஒட்டிய வாய்க்கால். வெயில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். செருப்பு வேண்டாம், சேறு பிடித்துக்கொள்ளும்.

அண்ணாச்சி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். நேற்று நீங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறும்வரை அவர் கரையிலேயே நின்று காவல் காத்தார். பிறகுதான் என் பக்கத்தில் வந்து சொன்னார்: 'சார், புள்ள போயிட்டு. இனி நிமிருங்க.'

ஹெப்ரான்